ரேஸ் இறங்காத ஆர்எக்ஸ் 100: கார்ப்ரேட்டரைக் கழற்றும் முன் ரப்பரைப் பாருங்கள்

எங்கள் தெருவில் மூன்று யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குகள் நிற்கின்றன. ஒன்று என்னுடையது, மற்ற இரண்டும் என் வாசலுக்கு வந்து போகிறவை. மூன்றிலும் நான் அதிகம் கை வைத்த இடம் இன்ஜின் அல்ல, கார்ப்ரேட்டரும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் நீள ரப்பர். கடையில் "மேனிஃபோல்டு ரப்பர்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் ஜாயிண்ட் என்பார்கள், சிலர் இன்லெட் பைப் என்பார்கள். பழசைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டால் பெயர்ச் சண்டையே இல்லை.

ஆர்எக்ஸ் 100 இங்கே 1985-ல் வந்தது, 1996-ல் நின்றது. ஆக, இருப்பதிலேயே இளைய வண்டிக்கும் முப்பது வயது ஆகிறது. வண்டியோடு வந்த ரப்பர் இன்னும் அதிலேயே இருந்தால் அதற்கும் அதே வயது. ஒரு பக்கம் சிலிண்டர் சூடு, இன்னொரு பக்கம் பெட்ரோல் ஈரம், நாள் முழுக்க அதிர்வு. போதாததற்கு 2025-ல் பம்ப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் இதையெல்லாம் நினைத்து வார்த்தது அல்ல.

இந்த ரப்பர் வெடித்தாலோ தளர்ந்தாலோ, கார்ப்ரேட்டரில் அளந்து கலக்காத காற்று பக்கவாட்டில் உள்ளே போகும். மெக்கானிக்குகள் "ஏர் இழுக்குது" என்று சொல்வது இதைத்தான். வெளியே தெரிகிற அறிகுறி எல்லாம் கார்ப்ரேட்டர் கெட்டது போலவே இருக்கும். குற்றம் ரப்பருடையது, அடி வாங்குவது கார்ப்ரேட்டர். நல்ல மிக்குனி கார்ப்ரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் புதுசும் ஒரு வாரத்தில் அதே பாட்டைப் பாடியது.

கார்ப்ரேட்டருக்கு இரண்டு பக்கமும் ரப்பர் உண்டு. இன்ஜின் பக்கத்து ரப்பரில் ஒரு இரும்புத் தகடு ஒட்டியிருக்கும், அது ரீட் வால்வு (கலவையை இன்ஜினுக்குள் மட்டும் விடும் ஒருவழிக் கதவு) மேல் நான்கு போல்ட்டில் உட்காரும். ஃபில்டர் பக்கத்து ரப்பர் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வருவது. முதலாவதில் ஓட்டை விழுந்தால் ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறும், சூடு, கடைசியில் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். இரண்டாவதில் ஓட்டை விழுந்தால் ரேஸ் பெரிதாக மாறாது, ஆனால் தூசி நேராக பிஸ்டனுக்குப் போகும். கீழே எந்த ரப்பர் என்று தனியாகச் சொல்லாத இடமெல்லாம் முதலாவதைப் பற்றியது.

அறிகுறி: ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்கவில்லை

சிக்னலில் வந்து நிற்கிறீர்கள், கையை எடுத்த பிறகும் வண்டி "ங்ங்ங்" என்று கத்திக்கொண்டே நிற்கிறது. பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார். சில நொடி கழித்து மெதுவாக இறங்குகிறது, அல்லது இறங்கவே இல்லை. என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான்.

*செலவே இல்லாதது: கேபிள்.* வண்டியை நிற்கவைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். திருப்பும்போது ரேஸ் ஏறினால் ரப்பருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேபிள் எங்கோ இழுபடுகிறது, அல்லது அதில் பிளே (சின்னத் தளர்வு) இல்லை. பாதையை மாற்றி விடுங்கள், அட்ஜஸ்டரில் கொஞ்சம் பிளே கொடுங்கள்.

*அடுத்தது: ஸ்லைடு.* ஆக்சிலேட்டரைத் திருகினால் கார்ப்ரேட்டருக்குள் மேலேறுகிற துண்டு இது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகி சட்டென்று விடுங்கள். கார்ப்ரேட்டருக்குள் "டக்" என்று ஸ்லைடு விழுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஸ்லைடு அழுக்கில் சிக்குகிறது, அல்லது கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. இரண்டும் கழுவி எண்ணெய் விடுகிற வேலைதான்.

*அடுத்தது: கிளாம்ப்.* கார்ப்ரேட்டரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ரப்பரோடு சேர்ந்து அசைந்தால் சரி. ரப்பருக்குள் கார்ப்ரேட்டர் மட்டும் தனியாகச் சுழன்றால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ஸ்க்ரூவைப் பிடித்து இறுக்குங்கள். இறுக்கியும் ஆடினால் அதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

*இப்போது ரப்பர்.* மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பயன் இல்லை. வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம்தான் வரும், அதுவும் ரப்பர் தகட்டோடு சேரும் மூலையில். செல்போன் டார்ச்சைப் போட்டு, கேமராவை அடியில் நுழைத்து ஒரு வீடியோ எடுங்கள். எடுக்கும்போதே இன்னொரு கையால் கார்ப்ரேட்டரை மேலே தூக்கி, பக்கவாட்டில் வளைத்துக்கொண்டே இருங்கள். சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு, வளைத்தால்தான் வாயைத் திறக்கும்.

மேல் தோலில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் இருந்தால் பதற வேண்டாம். அது வயதுக்கு வருவது, பல வருடம் அப்படியே ஓடும். நகத்தை வைத்து இழுத்தால் நகம் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அது வெடிப்பு, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியவில்லை, சந்தேகமும் தீரவில்லை என்றால் தண்ணீர்ச் சோதனை. துணி தேய்க்கும்போது தெளிக்கிற ஸ்பிரே பாட்டில் போதும். வண்டியை ஸ்லோவில் விடுங்கள் (நிற்கவில்லை என்றால் ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்). ரப்பரின் மேல், கீழ், இரண்டு பக்கம், கிளாம்ப் ஓரம், தகடு ஓரம் என்று ஒவ்வொரு இடமாகத் தெளித்து, இரண்டு மூன்று நொடி காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறும். சில சமயம் தண்ணீரை உறிஞ்சும் "ஸ்ஸ்ப்" கூடக் கேட்கும். பிளக் கேப் மேலும் ஃபில்டர் வாயிலும் தெளிக்காதீர்கள். அது வேறு குழப்பத்தைக் கிளப்பும்.

சிலர் இதையே பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றிச் செய்கிறார்கள். வேண்டாம். கைக்கு அருகே கொதிக்கிற சிலிண்டரும் பொறி விடுகிற பிளக்கும் இருக்கின்றன. தண்ணீர் சொல்லாத எதையும் பெட்ரோல் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை.

இதற்கும் மேல் உறுதி வேண்டுமானால் எனக்குப் பிடித்தது சைக்கிள் ட்யூப் வழி. பழைய ட்யூபை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டி, ரப்பர் மேல் இழுத்துப் பிடித்து இரண்டு மூன்று சுற்று சுற்றி, கம்பியாலோ டை ஒயராலோ கட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேஸ் ஒழுங்காக இறங்கினால் ஆள் பிடிபட்டான். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரவும் இதே கட்டு போதும். வீடு வந்து சேர மட்டும்தான். அதைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டின ஒருவரின் சிலிண்டரை நான் பார்த்திருக்கிறேன்.

*ரப்பர் நல்லதாக இருந்தால்: தகடும் பேக்கிங்கும் (இணைப்புக்கு இடையில் காற்றுப் புகாமல் வைக்கும் தாள்).* நான்கு போல்ட்டையும் ஒரே அளவு இறுக்காமல், ஒன்றை மட்டும் முழுப் பலத்தோடு இறுக்கினால் தகடு வளைந்துவிடும். கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மூலைகளை விரலால் அழுத்துங்கள். டக் டக் என்று ஆடினால் வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, தகட்டை வட்டமாகத் தேய்த்து மட்டப்படுத்தலாம். ரீட் வால்வுக்குக் கீழே உள்ள பேக்கிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கிழிந்த பேக்கிங்கை மறுபடி வைத்து மிச்சம் பிடிக்கிற காசு ஒரு டீக்குக்கூட ஆகாது.

*கடைசியாக, செலவு வைப்பது: கிராங்க் சீல் (இன்ஜினின் கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் காற்றையும் எண்ணெயையும் தடுக்கும் வளையம்).* மேலே சொன்னது எல்லாம் சரியாக இருந்தும் ரேஸ் இறங்கவில்லை என்றால், காற்று இன்ஜினின் அடியிலிருந்து வருகிறது. மேக்னட் பக்கத்து ஆயில் சீல் போனால் அங்கிருந்து காற்று இழுக்கும், அறிகுறி அப்படியே ரப்பர் வெடித்தது போலத்தான் இருக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுக்கும். சைலன்சரில் புகை மண்டும், கியர் ஆயில் மாதாமாதம் குறையும். இந்த இடத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள். இன்லெட்டையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. "பார்த்தாலே தெரியுது, இன்ஜினைப் பிரிக்கணும்" என்கிறவரிடம் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறி: சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது

காலையில் ஒரு நிமிடம் சோக் வேண்டும் என்பது இயல்பு. இரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகும் சோக்கை விட்டால் அணைகிறது என்றால், காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. இரண்டில் எது என்று பிரிப்பதுதான் வேலை.

முதலில் ஏர் ஸ்க்ரூவைப் பாருங்கள். இந்த கார்ப்ரேட்டரில் அதை உள்ளே திருகினால் காற்று குறையும், வெளியே திருகினால் கூடும். முழுசாக உள்ளே விட்டு (மெதுவாக, முட்டியதும் நிறுத்துங்கள்) சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது வழக்கமான இடம். அங்கிருந்து உள்ளே திருகத் திருக வண்டி தேறி வந்து, முழுசாக மூடிய பிறகும் தள்ளாடுகிறது என்றால் எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது. மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனைக்குப் போங்கள்.

எந்தப் பக்கம் திருகினாலும் வண்டி கண்டுகொள்ளவே இல்லையா? அப்படியானால் ஸ்லோ ஜெட் (ஸ்லோவுக்கான பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இதுதான் முதல் சந்தேகம். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி முனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். கார்ப் கிளீனரும் காற்றும் அடியுங்கள். குண்டூசியை விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதானால் ஜெட் குப்பைக்குத்தான்.

இன்னொரு குறிப்பு. மேடு பள்ளத்தில் போகும்போது ஸ்லோ மாறிக்கொண்டே இருந்தாலோ, கார்ப்ரேட்டரைக் கையால் மேலே தாங்கிப் பிடித்தால் மட்டும் ஒழுங்காக நின்றாலோ, ஜெட்டைத் தொடவே வேண்டாம். ஜெட் அடைப்பு கைபட்டால் மாறாது. ரப்பர் வெடிப்பு மாறும்.

அறிகுறி: கிளாம்ப்பை முழுசாக இறுக்கியும் கார்ப்ரேட்டர் ஆடுகிறது

கிளாம்ப்பின் இரண்டு காதும் ஒன்றையொன்று முட்டிவிட்டதா என்று பாருங்கள். முட்டியிருந்தால் அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் ஸ்க்ரூதான் வழுக்கும். காதை அரத்தால் ராவி இடைவெளி உண்டாக்குகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஒரு வாரம் பிடிக்கும். உண்மையில் நடந்தது என்னவென்றால், ரப்பர் சூட்டில் இறுகி, சதை குறைந்து, உள்வாய் அகன்றுவிட்டது. மாற்ற வேண்டியது ரப்பரை. கிளாம்ப்பே விரிந்து வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கேஸ் ட்யூபுக்குப் போடுகிற, பட்டையில் வரி வரியாக வெட்டு இருக்கும் கிளாம்ப் வேண்டாம். அந்த வெட்டுகள் ரப்பருக்குள் பல்லைப் போலப் பதியும். அடுத்த முறை கழற்றும்போது அதே கோட்டில் ரப்பர் கிழிந்து வரும். என் வண்டியில் வந்த முதல் வெடிப்பு இப்படி நானே உண்டாக்கியதுதான்.

ரப்பரின் உள்ளே கார்ப்ரேட்டர் போய் உட்கார ஒரு பள்ளம், வெளியே கிளாம்ப் உட்கார ஒரு வரம்பு இருக்கும். கார்ப்ரேட்டர் கழுத்து முழுசாக உள்ளே போகாமல் முக்கால்வாசியில் நின்றாலும் ஆடும். தளர்த்தி, மறுபடி தள்ளி, "ப்ளக்" என்று உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள்.

அறிகுறி: பிக்கப் இழுத்தடிக்கிறது, அல்லது டாப்பில் மூச்சடைக்கிறது

இந்தப் புகாருக்கு ரப்பரைத் தவிர நூறு காரணம் உண்டு. சைலன்சர் கரி, பெட்ரோல் டேப் அடைப்பு, தேய்ந்த கிளட்ச் பிளேட், நனைந்த ஃபில்டர். அதனால் ரப்பர் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

திருகியதும் ஒரு நொடி "ப்பா" என்று யோசித்துவிட்டுப் பிறகு பாய்ந்தால் இன்ஜின் பக்கத்துச் சின்ன வெடிப்பு. ஸ்லோவிலும் அதன் அறிகுறி இருக்கும், முதல் பகுதிக்குப் போங்கள்.

ஸ்லோவெல்லாம் அருமை, ஐம்பது அறுபது வரை சரி, முழுசாகத் திருகினால் மட்டும் அடைக்கிறது என்றால் ஃபில்டர் பக்கத்து ரப்பரைப் பாருங்கள். பெட்ரோலும் எண்ணெயும் ஊறி வெந்த கத்தரிக்காய் மாதிரி தொளதொளத்துப் போயிருந்தால், முழு இழுப்பில் அது உள்வாங்கி வாயைக் குறுக்கிவிடும். இன்ஜின் பக்கத்து ரப்பரிலும் உள்சுவர் பிரிந்து நாக்கு மாதிரி தொங்குவதுண்டு. வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். கார்ப்ரேட்டரைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவுங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். தோல் உரிந்தாலோ கொப்புளம் தட்டினாலோ தூக்கிப் போடுங்கள். அந்தத் தோல் துண்டு ரீட் வால்வில் போய்ச் சிக்கினால் வண்டி கிக்கருக்கே மசியாது.

ஃபில்டர் பக்கத்து ரப்பரில் கிழிசல் இருந்து, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டவர்கள் நிறைய. கார்ப்ரேட்டரின் பின்வாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். துணியில் மண் வந்தால் அவ்வளவு மண்ணும் பிஸ்டனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். போரிங் (தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து சரிசெய்வது) செலவோடு ஒப்பிட்டால் ரப்பர் விலை தூசு.

அறிகுறி: ஜாயிண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு

டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகிற கலவையில் 2டி ஆயில் (பெட்ரோலோடு கலந்து எரிகிற இன்ஜின் எண்ணெய்) உண்டு. அதனால் ஓட்டை இருக்கும் இடம் தானே தன்னைக் காட்டிக் கொடுக்கும். கறுப்பாக, தூசி ஒட்டி, களி போல நிற்கும். முதலில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். மறுபடி எங்கே முதலில் ஈரம் தட்டுகிறது என்று பாருங்கள்.

ரப்பர் மேலேயே என்றால் ரப்பர். தகட்டின் ஓரம் என்றால் பேக்கிங் அல்லது வளைந்த தகடு. இந்த எண்ணெயை அனுப்புகிற ஆட்டோலூப் பம்ப்பிலிருந்து வரும் மெல்லிய ஆயில் குழாயின் முனையில் என்றால் அதன் கிளிப் தளர்ந்திருக்கிறது. இதை மட்டும் நாளைக்கு என்று விடாதீர்கள். அந்தக் குழாய் கழன்றால் இன்ஜினுக்கு எண்ணெய் நின்றுபோகும், முழுத் தண்டனையும் பிஸ்டனுக்கு. கார்ப்ரேட்டருக்குக் கீழே, எண்ணெய் இல்லாமல் வெறும் பெட்ரோல் சொட்டினால் அது ஓவர்ஃப்ளோ: மிதவை, ஊசி வேலை. ரப்பரில் தேடாதீர்கள்.

அறிகுறி: பிளக் வெள்ளை, இன்ஜின் சூடு. ஓட்டுவதை நிறுத்துங்கள்

மற்ற எல்லா அறிகுறிக்கும் "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லலாம். இதற்குக் கிடையாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் உள்ள பீங்கான் பால் டீயிலிருந்து டிகாக்‌ஷன் வரைக்கும் எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அதனால் பிஸ்டன் போகாது. திருநீறு போல வெளுத்து, வறண்டு, ஓரத்தில் சின்னச் சின்ன உருண்டை தட்டியிருந்தால் ஆபத்து. கூடவே வண்டி ஏற்றத்தில் "கிணிங் கிணிங்" என்று சிலிண்டரில் சில்லறை குலுக்குகிற சத்தம் போட்டாலோ, சூடானதும் இழுவை குறைந்தாலோ, அடுத்தது சீஸ்தான்.

எனக்கு நடந்தது இது. மே மாத மத்தியானம், பைபாஸில் நாற்பது நிமிடம் ஒரே வேகம். கிளம்பும்போதே ஸ்லோ கொஞ்சம் அதிகமாக இருந்தது. முந்தைய வாரம்தான் ஒரு பட்டறையில் டியூனிங் செய்திருந்தேன், அதனால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போல வேகம் குறைந்தது. இன்ஜின் சத்தம் கனத்துக் கரகரத்தது. பின் டயர் "க்ரீச்" என்று தேய்ந்த பிறகுதான் கிளட்ச்சைப் பிடித்தேன். ஒரு நொடி முன்னால் பிடித்திருக்க வேண்டும். சூடு ஆறியதும் கிக்கர் இறங்கியது, வண்டியும் வந்து சேர்ந்தது. ஆனால் சிலிண்டரில் நான்கு நீளக் கோடுகள். போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் செட். கழற்றிப் பார்த்தபோது ரப்பரின் அடியில் அரை அங்குல வெடிப்பு. டியூனிங் செய்தவர் அதைப் பார்க்கவில்லை, அதன் மேலேயே ஏர் ஸ்க்ரூவையும் ஸ்லோ ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் திருகி ஓடவைத்துக் கொடுத்திருக்கிறார். நானும் பார்க்கவில்லை, அதுவும் உண்மை.

ஓடும்போது இழுவை குறைவதை உணர்ந்தால் கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்டுங்கள். ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு இன்ஜினை வைத்து பிரேக் போடாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டர் மூடினால் எண்ணெயும் குறையும்.

பிறகு: பிளக் வெள்ளை என்றால் முதலில் 2டி ஆயில் டாங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ரப்பர், கிளாம்ப், பேக்கிங். அடுத்து மெயின் ஜெட், பெட்ரோல் வரத்து. எல்லாம் சரி என்றால் சீல் சோதனைக்கு மெக்கானிக். ஒருமுறை சீஸ் ஆன வண்டி என்றால் ரப்பரை மட்டும் மாற்றி ஓட்டக் கிளம்பாதீர்கள். சிலிண்டரைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும், அது பட்டறை வேலை.

அறிகுறி: புது ரப்பர் போட்டும் சரியாகவில்லை

இதில்தான் ஆட்கள் நம்பிக்கை இழக்கிறார்கள். "ரப்பர் மாத்தியாச்சே அண்ணே, இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று வருவார்கள். நான்கு இடத்தில் தேடுவேன்.

ஒன்று, வாங்கிய ரப்பரே சரியில்லை. சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் தட்டுத் தட்டாகக் கிடைக்கும், மற்ற ஊரில் பழைய ஸ்பேர் கடைகளில் கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள். விலை இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோல் காசு. கையில் எடுத்து வளையுங்கள். புது ரப்பர் வளைத்து விட்டதும் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். வளைத்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் கீழே வையுங்கள். தகட்டையும் ரப்பரையும் எதிரெதிரே திருகிப் பாருங்கள், ஒட்டு விடுகிறதா என்று தெரியும். "பழைய ஒரிஜினல் ஸ்டாக்" என்று மஞ்சளேறின பாக்கெட்டில் கொடுத்தால் மயங்கிவிடாதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும். நான் அப்படி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, மாட்டும்போதே உடைத்தேன். ஆர்எக்ஸ் 135 ரப்பரை இதற்கு என்று சொல்லிக் கொடுப்பதும் உண்டு. பழசைப் பக்கத்தில் வைத்து ஓட்டை அளவை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டு, மாட்டிய விதம். பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பாருங்கள். சுரண்டுவதற்கு முன்னால் இன்லெட் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். ரீட் வால்வு கையில் இருக்கும்போதே வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தகடுகள் ஓரத்தில் நன்றாக மூடியிருக்க வேண்டும், முனை உடைந்திருக்கக் கூடாது. ரப்பரைக் கைபொறுக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்தால் கார்ப்ரேட்டர் வெண்ணெய் போல உள்ளே போகும். வாயில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், கிரீஸ் வேண்டாம். நான்கு போல்ட்டையும் முதலில் விரலால் திருகி, பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பேனரின் வாலைப் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இறுக்கினால் வேண்டிய பலம் மட்டும் போகும். அலுமினியத்தில் மரை போனால் பிறகு லேத்துக் கடைதான்.

மூன்று, வெடிப்பின் மேல் பசை. எம்-சீல், சிலிகான், பஞ்சர் சொல்யூஷன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பெட்ரோல் பட்டால் சிலிகான் ஊறிக் கழன்று வரும், எம்-சீல் வளையாது, அதிர்வில் விட்டுவிடும். தகட்டுக்கு அடியில் பேக்கிங்கோடு மயிரிழை அளவு அனபாண்ட் (பேக்கிங்குக்குப் போடும் பசை) தடவுவதில் தவறில்லை. ரப்பரின் உடம்பில் எதையும் பூசாதீர்கள்.

நான்காவதைத்தான் யாரும் நினைப்பதில்லை. பழைய வெடிப்பை ஈடுகட்ட யாரோ எப்போதோ மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப்பை இறக்கி வைத்து, ஏர் ஸ்க்ரூவை மூடியிருப்பார்கள். இப்போது ஓட்டை அடைபட்டதும் பெட்ரோல் அதிகமாகிறது. புகை, கறுத்த பிளக், மிஸ்ஸிங், மைலேஜ் சரிவு. "புது ரப்பர் போட்டதுக்கப்புறம்தான் கெட்டுப்போச்சு" என்று பழி ரப்பர் மேல் விழும். ஜெட்டைக் கழற்றி அதன் மேல் உள்ள எண்ணைக் கம்பெனி அளவோடு ஒப்பிடுங்கள், கிளிப்பை நடுப்பள்ளத்துக்குக் கொண்டுவாருங்கள், ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வையுங்கள். பிறகு, நன்றாகச் சூடான வண்டியில் மட்டும் ஸ்லோ வையுங்கள்.

ஆர்எக்ஸ் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி

சிடி 100, ஸ்ப்ளெண்டர் போன்ற பழைய ஃபோர் ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பக்கம் இப்படி ரப்பர் கிடையாது. கறுப்பு பேக்லைட் துண்டும், கார்ப்ரேட்டர் முகத்தில் ஒரு ஓ-ரிங்கும்தான். அறிகுறி அதேதான். ஓ-ரிங் தட்டையாகி முகத்தோடு மட்டமாகிவிட்டால் மாற்றுங்கள். இரண்டு நட்டையும் வெறியோடு இறுக்கினால் கார்ப்ரேட்டர் முகமே வில்லாக வளையும், அதற்கும் கண்ணாடி-உப்புத்தாள் வைத்தியம்தான். ரப்பர் குழாயும் இரண்டு கிளாம்ப்பும் உள்ள புல்லட் என்றால் மேலே எழுதியது எல்லாம் பொருந்தும், தண்ணீர்ச் சோதனை உட்பட. ஃபோர் ஸ்ட்ரோக்கில் உடனே சீஸ் ஆகாது. ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் "பட் பட்" என்று வெடிக்கும், அதுதான் அங்கே முதல் தகவல்.

புது ரப்பர் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப்பை ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் படிந்து கொடுக்கும். அதோடு பிளக்கையும் கழற்றி நிறம் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய ரப்பரை வண்டிப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், அவசரத்தில் யாராவது அதையே எடுத்து மாட்டிவிடுவார்கள்.